எட்டுப் பல்லை வைத்து ஊட்டிக்கு

ஊட்டி மலை ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜன்னலுக்கு வெளியே தெரிவதைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பிடித்த விஷயம் தண்டவாளத்துக்கு நடுவே கிடக்கிறது. கல்லாறு தாண்டிக் குன்னூர் வரைக்கும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டங்கள் இரண்டு, ஒன்றை ஒட்டி ஒன்று, கூடவே போய்க்கொண்டிருக்கும். குனிந்து பார்த்தால் ஒரு சட்டத்தில் பல் இருக்கும் இடத்துக்கு நேரே அடுத்த சட்டத்தில் பள்ளம் இருப்பது தெரியும். ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1882ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. இந்தியாவில் பல் சட்டத்தைப் பிடித்து ஏறுகிற ரயில் இது ஒன்றுதான். இதை லெகோவில், அதாவது ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகளில், கட்ட வேண்டும், அதுவும் அலமாரியில் சும்மா நிற்பதற்காக இல்லை, மோட்டார் வைத்து நிஜமாகவே பல்லைப் பிடித்து ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. கட்டியும் முடித்தேன். ஆனால் கட்டியதைவிட, அதை இன்னொருவர் கட்டும்படி எழுதிக் கொடுத்ததுதான் பெரிய வேலையாக இருந்தது. இரண்டையும் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

கோவைக்காரன் நான், நாற்பதைத் தாண்டியவன். வீட்டில் ஒரு மேஜையும் இரண்டு அலமாரியும் இந்தப் பொழுதுபோக்குக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பேச்சுவார்த்தை நடத்தி வாங்கிய இடம் அது. மாமனார் ஒருநாள் பாதி கட்டிய இன்ஜினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விலை கேட்டார். உள்ளதைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். "ஏனுங் மாப்பிள்ளை, அந்தக் காசுக்கு நெசமான ரயில்லயே குடும்பத்தோட போயிட்டு வந்தரலாமுங்களே" என்றார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லவில்லை.

மோட்டார் வைத்த லெகோ என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் 1932ல் ஒரு தச்சர் தொடங்கிய கம்பெனி லெகோ. இன்று நாம் பார்க்கும், மேலே குமிழும் உள்ளே குழாயும் உள்ள பிரிக்குக்கு 1958 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அன்று வந்த பிரிக்கோடு இன்று வாங்கும் பிரிக் பொருந்தும். 1977ல் ஓட்டை போட்ட கட்டைகள், ஆக்சில் (அச்சுத்தண்டு), கியர் (பற்சக்கரம்) எல்லாம் சேர்ந்து இன்னொரு வரிசையாக வந்தன. பின்னாளில் டெக்னிக் என்று பெயர் வைத்தது அதற்குத்தான். குமிழ் மேல் குமிழ் வைத்து வீடு கட்டுகிற கூட்டம் ஒன்று, ஆக்சிலில் கியரை மாட்டி ஏதாவது சுற்றுகிறதா என்று பார்க்கிற கூட்டம் இன்னொன்று. நான் இரண்டாவது. சின்ன வயதில் இங்கே எங்களுக்குக் கிடைத்தது மெக்கானிக்ஸ் தான். ஓட்டை போட்ட தகரப் பட்டை, பித்தளை நிறத் திருகு, ஒரு குட்டி ஸ்பேனர். திருகு சோபாவுக்கு அடியில் போய்விடும், அதோடு கிரேன் நின்றுவிடும். அந்த ஆசையின் மிச்சம்தான் இது என்று நினைக்கிறேன்.

மோட்டார்கள் விஷயத்தில் லெகோ பல தலைமுறைகளைப் பார்த்துவிட்டது. பெரியவர்களில் பலர் இந்தப் பக்கம் வந்தது 2007க்குப் பிறகு. அந்த வருஷம் பவர் ஃபங்ஷன்ஸ் என்ற மோட்டார் வரிசையோடு ஒரு புல்டோசர் வந்தது, நான்கு மோட்டார், ரிமோட் கண்ட்ரோல். ரிமோட் என்றால் டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிர்தான். வெயிலில் கொண்டுபோனால் செவிடாகிவிடும். ஆனால் அதன் வயர் ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகிக்கொள்ளும், நான்கு தகட்டில் எதில் என்ன வருகிறது என்பதைக் கையால் தொட்டே புரிந்துகொள்ளலாம். 2018ல் வந்த புதிய வரிசை ப்ளூடூத். பல செட்டுகளுக்கு ரிமோட்டே கிடையாது, போனில் ஆப் வேண்டும். 2019ல் வந்த பெரிய லீபெர் எக்ஸ்கவேட்டரில் 4108 துண்டு, ஏழு மோட்டார், எல்லாமே போன் திரையில். எனக்கு இது பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் ஐம்பது வருஷம் நிற்கும், ஆப் நிற்குமா? ஆகவே நான் இன்னும் பழைய வரிசையில்தான் இருக்கிறேன். அதை இப்போது லெகோ தயாரிப்பதில்லை, ஆனால் அதே பிளக் வைத்த மோட்டார்களைச் சீனக் கம்பெனிகள் செய்கின்றன, நம் ஊரிலும் கிடைக்கின்றன.

சரி, இந்த மோட்டாரின் பலம் எவ்வளவு? 2018ல் லெகோ டெக்னிக் துண்டுகளைக் கொண்டு ஒரு புகாட்டி சிரோன் காரை முழு அளவில் கட்டினார்கள், ஆள் உட்கார்ந்து ஓட்டவும் ஓட்டினார். 2304 மோட்டார்கள், ஒன்றரை டன் எடை, கணக்குப்படி 5.3 குதிரைத் திறன், வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு மோட்டாருக்கு இரண்டு வாட்கூட வரவில்லை. அந்த இரண்டு வாட்டில்தான் எங்கள் உலகமே ஓடுகிறது. கியர் ஒன்று கூடினால் கொஞ்சம் போகும், ஆக்சில் வளைந்தால் கொஞ்சம் போகும், இரண்டு பக்கமும் கட்டை இறுக்கிப் பிடித்தால் கொஞ்சம் போகும். மோட்டார் இல்லாத மாடலில் இதெல்லாம் வெளியே தெரியாது. அழகாக இருக்கிறதா என்பதோடு முடிந்தது. மோட்டார் வைத்ததும் உள்ளே எங்கே இழுக்கிறது என்பது உடனே சத்தமாக வந்துவிடும். பழகிய காதுக்கு அந்தச் சத்தத்திலேயே எந்த ஆக்சில் என்று தெரியும். பெரும்பாலும் மருந்து ஒன்றுதான்: கியருக்கும் கட்டைக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடம் விட வேண்டும்.

இப்போது ஊட்டி ரயிலுக்கு வருகிறேன். ஏற்றம் அதிகபட்சம் 12 அடி போனால் ஓரடி. பிரிக் கணக்கில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மில்லிமீட்டர், ஒரு பிரிக்கின் உயரம் 9.6 மில்லிமீட்டர். 15 குமிழ் நீளத்துக்கு ஒரு பிரிக் உயர்த்தினால் 12.5க்கு 1. போதும், கிட்டத்தட்ட நிஜம். லெகோ தண்டவாளத்தின் அகலத்தை நீலகிரியின் மீட்டர் கேஜாக, அதாவது ஒரு மீட்டர் அகலமாக, எடுத்துக்கொண்டால் மாடல் ஏறக்குறைய 26ல் ஒரு பங்கு அளவு வருகிறது. இன்ஜினே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பெட்டியோடு இரண்டு கிலோ என்று வையுங்கள், அந்த ஏற்றத்தில் அதைப் பின்னால் இழுக்கும் எடை சுமார் 160 கிராம். லெகோ ரயில் சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டினால் இதைப் பல் இல்லாமலே சமாளித்துவிடலாம். அது கள்ளாட்டம். வளையத்தைக் கழற்றிவிட்டேன். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. அதுதான் வேண்டியது, பல் சட்டத்துக்கு அப்போதுதான் வேலை.

லெகோவில் பல் சட்டம் ரொம்பப் பழைய துண்டு. நான்கு குமிழ் நீளம், அதில் பத்துப் பல். 32 மில்லிமீட்டரில் பத்துப் பல் என்றால் ஒரு பல்லுக்கு 3.2. லெகோ கியர்களின் பல் இடைவெளி கணக்குப்படி பை, அதாவது 3.14. இரண்டும் சரியாகப் பொருந்தாது என்றாலும், ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பல்தான் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதால் ஓடிவிடும். இந்த 3.2ல் ஒரு அழகு இருக்கிறது. ஒரு குமிழ் தூரத்தை, அதாவது 8ஐ, 3.2ஆல் வகுத்தால் இரண்டரை. ஆக, இரண்டாவது சட்டத்தை ஒரே ஒரு குமிழ் தள்ளி வைத்தால் பல்லுக்கு நேரே பள்ளம் வந்துவிடுகிறது! ஆப்ட் செய்தது அப்படியே. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, உண்மையாகவே.

சந்தோஷம் கீழே இருந்த சட்டத்தோடு நின்றது. மேலே இன்ஜினில் இருக்கும் பற்சக்கரங்களும் அதே மாதிரி அரைப் பல் மாறி இருக்க வேண்டும் இல்லையா? லெகோ ஆக்சிலின் குறுக்குவெட்டு கூட்டல் குறி வடிவம். அதில் கியரை நான்கு விதமாகத்தான் திருப்பி மாட்டலாம். கியர்களின் பல் எண்ணிக்கையைப் பாருங்கள்: 8, 12, 16, 20, 24, 36, 40. எல்லாமே நான்கால் வகுபடும். எப்படித் திருப்பி மாட்டினாலும் பல்லுக்கு நேரே பல்தான் வந்து நிற்கும். ஒரே ஆக்சிலில் அரைப் பல் மாற்றுவதற்கு வழியே இல்லை. பழைய 14 பல் கியர் ஒன்று மட்டும் விதிவிலக்கு, ஆனால் அது சாய்வுப் பல் வைத்தது, இதற்கு ஆகாது.

என் நண்பர் ஒருவர் கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இந்த ஊரில் பம்புக்கும் மோட்டாருக்கும் பார்ட்ஸ் போட்டுக் கொடுக்கும் பட்டறைக்குப் பஞ்சமில்லை. அவரிடம் புலம்பினேன். "இதுக்குப் போயி மண்டைய ஒடைக்கறியா? பித்தளைல ரெண்டு பினியன் போட்டுத் தர்றேன், அரைப் பல் என்ன, கால் பல்கூட மாத்திக்கலாம், சாயந்தரம் வா" என்றார். பினியன் என்றால் சின்னப் பற்சக்கரம். வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம். பொம்மைக்கு என்னடா இவ்வளவு ஆச்சாரம் என்று திட்டினார்.

இந்த ஆச்சாரத்தை வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது சுத்தப் பைத்தியமாகத்தான் தெரியும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, பெயிண்ட் அடிக்கக் கூடாது, வெளித் துண்டு சேர்க்கக் கூடாது. யார் போட்ட விதி என்று கேட்டால் யாரும் போடவில்லை. அந்த முழு அளவுக் காரிலேயே உள்ளே இரும்புச் சட்டகம் உண்டு, அதற்காக யாரும் அதைக் குறை சொல்லவில்லை. நானும் முதலில் இதை வீம்பு என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் அதன் காரணம் எனக்குப் புரிந்தது. நான் பித்தளைப் பினியன் போட்டால் ரயில் ஓடும், ஆனால் அது என் மேஜையில் மட்டும் ஓடும். அச்சில் வார்த்த, உலகம் முழுக்க ஒரே அளவில் கிடைக்கிற துண்டுகளிலேயே செய்து முடித்தால், பிரேசிலில் இருக்கும் ஒருவர் அதே துண்டுகளை வாங்கி அதே இடத்தில் மாட்டினால் அங்கேயும் அது ஏறும். எனக்கு இன்றைக்கு இதில் மிச்சமிருக்கும் ஆர்வமெல்லாம் அந்த இரண்டாவது ரயில் மேல்தான்.

வழி கிடைத்தது. ஒரே ஆக்சில் என்பதை விட்டுவிட்டேன். நான்கு குமிழ் இடைவெளியில் இரண்டு ஆக்சில். ஒன்றில் இடது சட்டத்துக்கு ஒரு எட்டுப் பல் கியர், மற்றதில் வலது சட்டத்துக்கு ஒரு எட்டுப் பல் கியர். இரண்டு ஆக்சிலையும் இணைக்கப் பக்கவாட்டில் 16 பல் கியர்கள் மூன்று வரிசையாக. 16 பல் கியரை ஒரு பல் தள்ளிக் கோர்த்தால் ஆக்சில் 22.5 டிகிரி திரும்பும். எட்டுப் பல் கியரில் ஒரு பல்லுக்கு 45 டிகிரி. ஆக, அங்கே ஒரு முழுப் பல் தள்ளினால் இங்கே சரியாக அரைப் பல். லேத்தும் இல்லை, பித்தளையும் இல்லை. நண்பரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "ம்ம், சரிதான்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அடுத்த சிக்கல் வேகம். தண்டவாளத்தில் ஓடும் சக்கரமும் சட்டத்தைப் பிடிக்கும் பல்லும் ஒரே வேகத்தில் முன்னால் போக வேண்டும். எட்டுப் பல் கியர் ஒரு சுற்றுக்கு 25.6 மில்லிமீட்டர் நகரும். பெரிய ரயில் சக்கரம் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு 94 சொச்சம். இரண்டுக்கும் நடுவே 3.7க்குப் பக்கத்தில் ஒரு விகிதம் வேண்டும், கையில் இருக்கும் கியர்களில் அது சரியாக அமையவில்லை. சக்கரமோ பல்லோ ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டே இருந்தது, இன்ஜின் விக்கி விக்கி ஏறியது. வேறு வழியில்லாமல் சக்கரத்துக்கு ஒரு மோட்டார், பல்லுக்கு ஒரு மோட்டார் என்று பிரித்தேன். சாதாரண மோட்டார்கள் சுமைக்கு ஏற்ப வேகம் குறையும், ஆகவே இரண்டும் தங்களுக்குள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. விக்கல் நின்றது.

இங்கேதான் நிஜ இன்ஜின் எனக்குப் புரிந்தது. நீலகிரி எக்ஸ் வகை இன்ஜின்களை முதலில் செய்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் புதிதாகக் கட்டினார்கள். அந்த இன்ஜினில் நான்கு சிலிண்டர். ஒரு ஜோடி சக்கரத்தைச் சுற்றும், இன்னொரு ஜோடி பல்லைச் சுற்றும். சமதளத்தில் முதல் ஜோடி மட்டும். பல் சட்டம் வந்ததும் முதல் ஜோடியில் வேலை செய்து முடித்த நீராவியே இரண்டாவது ஜோடிக்குப் போகும். படத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன், எதற்கு இப்படிச் சிக்கலாகச் செய்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். பொம்மையில் அதே முட்டுச்சந்தில் போய் நின்ற பிறகு வேறு எப்படிச் செய்திருக்க முடியும் என்று தோன்றுகிறது. மாமனாருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான் போல. டிக்கெட் வாங்கி ஏறினால் இது தெரியாது.

பல்லைச் சுற்றும் மோட்டாரை நேரடியாகவே இணைத்துவிட்டேன். வார்ம் கியர் (திருகு மாதிரி இருக்கும் கியர்) வைத்தால் கரன்ட் போனாலும் ரயில் பின்னால் உருளாது, அது உண்மை. ஆனால் 24 மடங்கு குறைத்துவிடும், நொடிக்கு ஏழு மில்லிமீட்டர், பார்ப்பவர் டீ குடித்துவிட்டு வரலாம். நிஜ ரயில் பல் சட்டத்தில் மணிக்கு 13 கிலோமீட்டர் போகிறது என்றால் மாடல் அளவில் நொடிக்கு 14 சென்டிமீட்டர். நடுத்தர மோட்டாரை நேரடியாக மாட்டினால் கிட்டத்தட்ட அந்த வேகமே வருகிறது. நிஜத்தில் ஒவ்வொரு பெட்டி முன்னாலும் ஒரு பிரேக்காரர் நின்றுகொண்டு, டிரைவரின் விசிலைக் கேட்டு பிரேக் போடுவார். என் ரயிலில் மோட்டாருக்கு உள்ளே இருக்கும் கியர்களின் உராய்வே இரண்டு பெட்டியைப் பிடித்து நிறுத்தப் போதுமானதாக இருந்தது.

கடைசியாக, சட்டத்துக்குள் நுழையும் இடம். சமதளத்தில் வரும் இன்ஜினின் பல், சட்டத்தின் முதல் பல்லில் மோதாமல் பள்ளத்தில் விழ வேண்டும். கல்லாறில் இதற்கென்று தனியாக நுழைவு நாக்கு வைத்திருக்கிறார்கள். நான் முதல் துண்டைக் கீலில் மாட்டி, கீழே ரப்பர் பேண்ட் போட்டுத் தூக்கி வைத்தேன். பல் பல்லில் மோதினால் நாக்கு கீழே அமுங்கும், அடுத்த பள்ளம் வந்ததும் டக்கென்று மேலே வந்து பிடித்துக்கொள்ளும். அந்த டக் சத்தம் வீடியோவில் நன்றாகக் கேட்கிறது. இசை போடாமல் விட்டதற்கு அதுதான் காரணம்.

வீடியோ பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் மாடல் வீடியோக்களில் இரண்டு பழக்கம் எனக்கு எரிச்சல். ஒன்று, ஓட்டத்தை இரண்டு மடங்கு வேகமாக்கிப் போடுவது. இன்னொன்று, ஒவ்வொரு அசைவையும் ஒன்றிரண்டு நொடியில் வெட்டிவிடுவது. வெட்டிய இடத்தில் என்ன ஆயிற்று என்று இந்தத் தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும், கை வந்து தள்ளியிருக்கும். ஒரே ஓட்டமாக, நிஜ வேகத்தில், சத்தத்தோடு போடுங்கள். நான்கு பேர்தான் பார்ப்பார்கள், ஆனால் அந்த நான்கு பேர் கட்டுவார்கள்.

கட்டுவதற்கு அவர்களுக்கு, எந்தத் துண்டை எதற்குப் பிறகு எங்கே மாட்டுவது என்று காட்டும் படி வரிசை வேண்டும். இந்த வேலை இன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் முடிகிறது என்றால் அதற்குக் காரணம் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலியர். 1995ல் எல்டிரா என்று ஒன்றை எழுதி இலவசமாகக் கொடுத்தார். லெகோ துண்டுகளைக் கம்ப்யூட்டரில் வரையும் முறை, கோப்பு வடிவத்தோடு. இரண்டு வருஷத்தில், சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அந்த வடிவம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எழுத்தாகவே திறந்து படிக்கலாம்: ஒரு வரிக்கு ஒரு துண்டு, அதன் நிறம், இடம், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்தத் துண்டு. பிரிக்கின் அகலம் 20 அலகு, உயரம் 24 அலகு. மற்ற யார் யாரோ ஒவ்வொரு துண்டாக அளந்து வரைந்து சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், கம்பெனியின் சம்பளம் இல்லாமல். இப்போது பலர் உபயோகிக்கும் மென்பொருள்களும் இந்தக் கோப்புகளைப் படிக்கும்.

ஆனால் திரையில் உராய்வு கிடையாது. எடை இல்லை, ஆக்சில் வளையாது, ரப்பர் பேண்ட் தொய்யாது. இப்போது பலர் கையால் கட்டாமலே திரையில் மட்டும் கட்டி, பளபளப்பாகப் படம் எடுத்து, படி வரிசையும் விற்கிறார்கள். சுவரும் கூரையும் என்றால் பரவாயில்லை. மோட்டார் மாடலில் இது ஏமாற்று வேலை என்றே சொல்வேன். வாங்கியவர் ஆயிரம் துண்டு தேடி வாங்கிக் கட்டி, கடைசிப் பக்கத்தில் பட்டனை அமுக்கினால் மோட்டார் முனகிவிட்டு நிற்கும், அவர் தன் கையைத்தான் சந்தேகப்படுவார்.

என் கோப்பில் படத்தில் காட்ட முடியாததையெல்லாம் பக்கத்தில் எழுதி வைத்தேன். இந்த ஆக்சில் விரலால் சுண்டினால் தானாகச் சுற்ற வேண்டும், சுற்றாவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். 16 பல் கியரை இங்கே ஒரு பல் தள்ளிக் கோருங்கள், சரியா என்று பார்க்க இரண்டு எட்டுப் பல் கியரையும் கீழிருந்து பாருங்கள். பேட்டரி ஆறு போடும்போது சாதாரண பேட்டரி என்றால் 9 வோல்ட், சார்ஜ் செய்யும் பேட்டரி என்றால் 7.2, வேகம் அதற்கேற்ப குறையும், பயப்பட வேண்டாம். இதெல்லாம் கட்டியவனுக்குக் கையில் இருக்கும், வாயில் வராது. எழுதி முடிக்க ரயிலைக் கட்டியதைவிட அதிக நாள் ஆனது.

துண்டு வாங்குவது தனிக் கதை. ஒவ்வொரு துண்டாக வாங்க பிரிக்லிங்க் என்ற சந்தை 2000ல் இருந்து இருக்கிறது. ஒரு ரசிகர் தொடங்கியது, 2019ல் லெகோவே வாங்கிவிட்டது. ஆனால் நம் ஊருக்கு வரவழைப்பது லேசில்லை. பொம்மைக்கு இறக்குமதி வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70. அதனால் இங்கே பலரும் சீனத் துண்டுகளைக் கலந்து கட்டுகிறார்கள், நானும்தான். பிரிக்கின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, ஆகவே துண்டைச் செய்வதில் தப்பில்லை. ஆனால் யாரோ ஒரு ரசிகர் பகிர்ந்த மாடலை அப்படியே எடுத்துப் பெட்டியில் போட்டு, அவர் பெயர்கூடப் போடாமல் விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சிலர் முறையாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் பயத்தால் படி வரிசையே கொடுக்காதவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் இலவசமாகக் கொடுத்தேன், ஊட்டி ரயிலைப் பெட்டியில் போட்டு விற்றால் எத்தனை பேர் வாங்கிவிடப் போகிறார்கள்?

பகிர்வது என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஜிபிசி. கிரேட் பால் கான்ட்ராப்ஷன் என்பதன் சுருக்கம், 2005ல் அமெரிக்க ரசிகர்கள் தொடங்கியது. குட்டிப் பந்துகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் இயந்திரம், அவ்வளவுதான், வேறு பயனே கிடையாது. விதியும் சில வரிதான்: பந்து விழும் தொட்டி பத்துக்குப் பத்து குமிழ், பத்து பிரிக் உயரம், சராசரியாக நொடிக்கு ஒரு பந்தை வாங்க வேண்டும். உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். இதனால் முன்பின் பார்த்திராத ஆட்கள் தங்கள் இயந்திரங்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தால் ஒருவர் பந்து அடுத்தவர் தொட்டியில் விழுகிறது. ஜப்பானைச் சேர்ந்த அகியுகி என்பவர் கட்டியவற்றைப் பாருங்கள், உலகம் முழுக்க ரசிகர்கள். அவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகித்துப் படி வரிசை எழுதியவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியவில்லை. பந்து ஒரு இயந்திரத்தில் சிக்கினால் மொத்த வரிசையும் நிற்கும், எல்லாரும் ஓடி வருவார்கள், சிக்க வைத்தவரைத் தவிர யாருக்கும் கோபம் இருக்காது.

என் ரயிலுக்கு வந்த முதல் எதிர்வினைகளில் பாதி ஒரே விஷயம்: இன்ஜினைத் தப்பான பக்கம் மாட்டியிருக்கிறீர்கள். இல்லை சார், மலை ஏறும்போது நீலகிரி இன்ஜின் பின்னால் இருந்துதான் தள்ளும். பெட்டி கழன்றாலும் இன்ஜின் மேல் வந்து உட்காரும், கீழே ஓடிவிடாது. இதை எத்தனை பேருக்குச் சொன்னேனோ. கோவைக்காரர்களே கேட்டார்கள் என்பதுதான் வேதனை.

கோப்பை எடுத்துக் கட்டியவர்களில் போலந்துக்காரர் ஒருவர் வீடியோ அனுப்பினார். அவர் ஊரில் மலையே இல்லையாம், இந்த ரயிலைப் பார்த்ததும் இல்லை. பெட்டி இரண்டையும் பச்சையில் கட்டியிருந்தார், இங்கே நீலம் என்பது தெரியாமல் இல்லை, அவரிடம் இருந்தது பச்சை. இன்ஜின் என்னுடையது மாதிரியே அரைப் பல் மாறி, அலுங்காமல் ஏறியது. நுழைவு நாக்கில் மட்டும் ரப்பர் பேண்ட் இல்லை. அதற்குப் பதிலாக டெக்னிக் கார்களுக்கு வரும் குட்டி ஸ்பிரிங் ஷாக் அப்சார்பர் போட்டிருந்தார். ரப்பர் நம் வெயிலில் சில மாதத்தில் இற்றுப்போகும், ஸ்பிரிங் போகாது. இரண்டு வாரம் கழித்து என் கோப்பிலும் அதையே போட்டு, அவரைக் கேட்டு அவர் பெயரையும் சேர்த்தேன். இப்போது கோப்பில் இருப்பது முழுக்க என் ரயில் இல்லை.

மிச்சம் இருப்பது வளைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், என் ரயில் நேராக மட்டும் ஏறுகிறது. லெகோ பல் சட்டம் வளையாது. நான்கு குமிழுக்கு ஒரு கீல் வைத்துத் திருப்பிப் பார்த்தேன், இணைப்பில் பல் இடைவெளி விரிந்து எட்டுப் பல் கியர் அங்கே ஒரு பல் தாண்டிவிடுகிறது. லெகோ வளைவுத் தண்டவாளம் 16 சேர்ந்தால் முழு வட்டம், அவ்வளவு இறுக்கமான வளைவுக்கு வாய்ப்பே இல்லை. பெரிய வளைவுகளை மற்ற கம்பெனிகள் செய்கின்றன, அதில் இணைப்புக்கு இணைப்பு ஒரு டிகிரி சொச்சம் திரும்பினால் விரிசல் பல்லுக்குத் தெரியாத அளவில் இருக்கும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் இரண்டு சட்டத்தில் வெளிப்பக்கம் இருப்பது கொஞ்சம் நீளம் கூட வேண்டும், அப்போது அந்த அரைப் பல் கணக்கு மெல்ல மெல்ல நழுவும். எத்தனை துண்டுக்கு ஒருமுறை அதைச் சரிசெய்வது, எப்படிச் சரிசெய்வது என்பதில்தான் இப்போது நிற்கிறேன். வெட்டாமல், ஒட்டாமல் யாருக்காவது வழி தோன்றினால் எழுதுங்கள், கோப்பில் பெயர் போடுகிறேன்.